சனிக்கிழமை நடவு

ஜூலை 3, வியாழன்

பண்ணையில் அன்றாடம் என்ன வேலை நடக்கிறது என்று எழுதி வையுங்கள் அம்மா, நாங்கள் ஆய்வுக்கு வரும்போது பேச வசதியாக இருக்கும் என்று நளாயினி மேடம் போனில் சொன்னார்கள். அதற்காகத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எனக்கு வேலையை மட்டும் எழுத வராது. பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவளுக்கு எழுத ஆரம்பித்தாலும் அதே கதிதான். மேடத்திடம் காட்ட வேண்டியதைத் தனியாக எழுதிக்கொள்ளலாம். இது எனக்கு.

மேடம் யார் என்றால், எங்கள் இடத்துக்கு வேளாண் சுற்றுலா என்று அங்கீகாரம் கொடுக்கலாமா கூடாதா என்று முடிவு செய்கிற குழுவில் இருப்பவர்கள். அது கிடைத்தால் மூன்று அறைகளும் பிழைக்கும். கிடைக்காவிட்டால் பூட்டு விழும். நஞ்சையில் லாட்ஜ் கட்டியிருக்கிறார்கள் என்று யாரோ ஒரு புண்ணியவான் ஏற்கெனவே மனு எழுதிப் போட்டிருக்கிறான். இரண்டு போகம் அடுத்தடுத்துப் பொய்த்து, பாலை விற்று வயிறு கழுவிய வீடு இது. அறைகள் வந்த பிறகுதான் அடுப்பு ஒழுங்காக எரிகிறது. நான் விடுவதாக இல்லை.

"வேளாண் சுற்றுலான்னா என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று கேட்டார்கள். பரீட்சை மாதிரி இருந்தது.

"பட்டணத்து ஆளுக வந்து தங்கி, மாட்டு வண்டியில போயி, உளுந்தங்களி தின்னு, சேத்துல எறங்கி நாத்து நட்டு, சந்தோசமா போறதும்மா" என்றேன்.

மேடம் சிரித்தார்கள். "அது கிராமத்துல இருக்கிற லாட்ஜ்" என்றார்கள். "விருந்தாளி ஒருத்தர்கூட வராட்டாலும் அந்த வேலை அங்க நடந்துக்கிட்டு இருக்கணும். நடக்கிற வேலைக்குள்ள அவங்க வரணும். அவங்களுக்காக வேலை நடக்கக் கூடாது. அவ்வளவுதான் வித்தியாசம்."

சரி மேடம் என்று வைத்துவிட்டேன். அதிலிருந்து அந்தப் பேச்சு காதிலேயே நிற்கிறது. ஆள் வராவிட்டாலும் இங்கே பாத்திரம் துலக்குகிற வேலை நடக்கிறது. அதையாவது சொல்லியிருக்கலாம்.

ஜூலை 5, சனி

மதுரையிலிருந்து இரண்டு குடும்பம். மதியத்துக்குக் கூட்டாஞ்சோறு. அடிப்பிடித்துவிட்டது. அதுதான் கிராமத்து வாசம் என்று ஒரு அம்மாள் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள். நான் இன்னொரு கரண்டி போட்டேன்.

எங்கள் நடவைப் பற்றி எழுத வேண்டும். அறைகளுக்கு எதிரே இருக்கிற வயலில் ஒரு துண்டு எப்போதும் தொளி அடித்துச் சேறாகத் தயாராக இருக்கும். ஓரத்தில் நாற்றங்கால். சனிக்கிழமை காலையில் விருந்தாளிகள் பேண்டை மடித்துக்கொண்டு இறங்குவார்கள். என்னோடு வேலை பார்க்கிற மாடத்தி குலவை போட, ஆளுக்கு ஒரு முடி நாற்று. கொத்துக் கொத்தாக, கோணல்மாணலாக நடுவார்கள். ஒருவராவது வழுக்கி விழுவார். விழுந்தவருக்குத்தான் சந்தோஷம் அதிகம். ஞாயிறு சாயங்காலம் அவர்கள் வண்டி தார் ரோட்டில் ஏறியதும் நானும் மாடத்தியும் இறங்கி, நட்டதை எல்லாம் பிடுங்கிவிடுவோம். அடுத்த சனிக்கிழமைக்கு இடம் வேண்டுமே. பிடுங்கிய நாற்று மாட்டுக்கு. இந்த ஜில்லாவில் எங்கள் மாட்டைப் போல நடவு கண்ட மாடு கிடையாது.

இதில் என்ன தப்பு? பள்ளிக்கூடத்தில் கரும்பலகையை அழித்து அழித்துத்தான் எழுதுகிறார்கள்.

வீட்டுக்காரர் இன்றும் இல்லை. விருந்தாளிகள் எழுவதற்கு முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு தென்காசிக்கு என்று கிளம்பிவிட்டார். எல்லாச் சனிக்கிழமையும் அந்த ஊரில் அவருக்கு என்னதான் வைத்திருக்கிறதோ.

ஜூலை 12, சனி

காலையிலேயே சண்டை. பச்சைத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஒரு நாளாவது வரப்பில் நில்லுங்கள், விருந்தாளிகள் விவசாயியோடு படம் எடுக்கக் கேட்கிறார்கள் என்றேன். இதைச் சொன்னது குற்றமா?

"நான் என்ன வேசம் கட்டுத ஆளா?" என்றார்.

"நீங்க விவசாயிதான? விவசாயி மாதிரி நிக்கதுக்கு என்ன?"

"எங்க விவசாயம் பாக்கேன்? காட்டு, நிக்கேன்."

எங்களுக்கு இருந்ததே கொஞ்சம் நஞ்சை. அதில் அறைகள் வந்தன, ஊஞ்சல் வந்தது, கார் நிற்க இடம், சேற்றுக் குளியலுக்கு ஒரு குழி, நடவுக்கு ஒரு துண்டு. மிச்சத்தில் வாழை. அவருக்கு உழ ஒன்றும் இல்லாமல் போனது உண்மைதான். ஆனால் உட்கார்ந்து சாப்பிடுங்கள், நாலு பேரிடம் நாலு கதை சொல்லுங்கள் என்று சொல்லுகிற பெண்டாட்டி எத்தனை பேருக்கு வாய்க்கும்? சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். துண்டை மாடத்தி புருஷன் கட்டிக்கொண்டு நின்றான். அவன் கொத்தனார். படத்தில் நன்றாகத்தான் விழுந்திருக்கிறான்.

ஜூலை 20, ஞாயிறு

அவருடைய முழங்கைக்குக் கீழே இரண்டு கையிலும் மெல்லிசாகக் கீறல். எண்ணெய் தேய்க்கும்போது பார்த்தேன். என்னது இது என்று கேட்டதற்கு, வேலிமுள் என்றார். வேலிமுள் இப்படிச் சீராகக் கீறாது. பூனையாக இருக்கும்.

எங்கள் வீட்டில் பூனை இல்லை. ஊரில் இருக்கிறது.

நாற்றுப் பிடுங்கி முடித்தோம். துணி துவைக்கவே ஒரு நாள் வேண்டும். போர்வை எல்லாம் சேறு.

ஜூலை 27, ஞாயிறு

சாரல் இல்லை. குற்றாலத்தில் அருவி நூல் மாதிரி விழுகிறதாம். வந்தவர்கள் எல்லாம் அங்கே ஏமாந்து இங்கே வருகிறார்கள், எனக்கு அது லாபம். ஆனால் வாய்க்காலில் தண்ணீர் பாதிகூட இல்லை.

வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் பாயும். வாரத்தின் முன்பாதி மேல்மடைக்கு. வெள்ளி, சனி, ஞாயிறு கடைமடைக்கு. எங்கள் வயல் மேல்மடை. ஆனால் எங்கள் நடவோ சனிக்கிழமை. அதனால் வெள்ளிக்கிழமை மட்டும் எங்கள் மடைப் பலகையைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வது என்று நீர்ப்பாய்ச்சி பூதத்தானிடம் சொல்லிவைத்திருக்கிறேன். தண்ணீர் நிறைய ஓடியபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது கடைமடைக்காரர்கள் முணுமுணுக்கிறார்களாம். கேட்டால் கேட்கட்டும்.

வீட்டுக்காரர் மேல் வேப்பம்புண்ணாக்கு வாசம் அடித்தது. தென்காசியில் ஏதாவது உரக்கடை வாசலில் போய் உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. விருந்தாளிகளுக்குச் சித்திரான்னம். மேல்காற்று விடாமல் அடிக்கிறது. வாழை இரண்டு முறிந்துவிட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வாய்க்கால் விவசாயிகள் கூட்டம் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டுக்காரரும் வந்தார், ஆனால் என் பக்கத்தில் உட்காராமல் கடைசியில் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்.

தலைவர் ஆவுடையப்பன் அண்ணாச்சி எடுத்த எடுப்பிலேயே கேட்டார். "தாயி, ஒங்க எடம் வயலா, ஓட்டலா? ஒண்ணைச் சொல்லு. வயலுன்னா மொறைக்குக் கட்டுப்படணும். ஓட்டலுன்னா தண்ணியில பங்கே கெடையாது."

"வயலுதான் அண்ணாச்சி. வாரம் தவறாம நடவு நடக்குல்லா?" என்றேன்.

"நடவு நடக்கு. அறுப்பு எப்ப நடக்கு?"

சிரித்தார்கள். "வேளாண் சுற்றுலான்னு ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. அதுக்குன்னு ஒரு குழு இருக்கு, மேடம் இருக்காவ. அவிய சொல்லட்டும் இது என்னதுன்னு" என்றேன்.

"அவிய என்னமும் சொல்லட்டும். எங்களுக்கு ஒரே கணக்குதான். வெளைஞ்சா வயலு. வெளையாட்டி மைதானம்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "கடமடையில நட்டவன் நெலமய நெனச்சுப் பாரு தாயி" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரோரம் பார்த்தார். வீட்டுக்காரர் துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

சுவரோரம் இன்னும் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சி யாரையாவது பார்த்திருப்பார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மேடம் போன். குழு சனிக்கிழமை வருகிறது. பதினாறாம் தேதி. சுதந்திர தின விடுமுறை என்பதால் எனக்கு அன்றைக்கு மூன்று அறையும் நிறைந்து, கூடாரமும் போட்டிருக்கிறேன். இதைவிட நல்ல நாள் கிடைக்காது. துண்டு வயல் போதாது, முழு வயலையும் தொளி அடித்துவிட வேண்டும். சேற்றுக் குழியையும் நிரப்ப வேண்டும். வந்து பார்க்கிற கண்ணுக்குத் தண்ணீரும் பச்சையுமாக இருக்க வேண்டும். டிராக்டருக்குச் சொல்லிவிட்டேன். மாடத்தி புருஷன் வாசலுக்குக் காவி அடிக்கிறான்.

ஆகஸ்ட் 13, புதன்

பூதத்தானைக் கூப்பிட்டுச் சொன்னேன், நாளையிலிருந்து சனிக்கிழமை வரை பலகையை முழுசாகத் தூக்கி வைக்க வேண்டும் என்று. அவன் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

"முடியாது மதினி. கடமடையில கதிரு வாங்குது. ஏற்கெனவே அரைத் தண்ணிதான் போயிருக்கு. இந்தக் காத்துக்கு இந்த மொறயும் வுட்டுச்சுன்னா எல்லாம் பதருதான். ஒரு மணி தேறாது."

"யாரு வயலு?"

"செல்லையா வாத்தியார் வயலு."

"வாத்தியாருதான் தூத்துக்குடிக்குப் போயி வருசக்கணக்காச்சே. யாரு பாக்கா?"

அவன் என்னைப் பார்த்தான். "வெளைச்சல்ல பாதிப் பங்குன்னு வாரத்துக்கு ஒருத்தர் பாக்காவ" என்றான். "மதினி, தெரியாத மாதிரியா கேக்கிய?"

எனக்குப் பால் பொங்குகிற வாசம் வந்தது. உள்ளே போய்விட்டேன். திரும்பி வரும்போது அவன் இல்லை. எனக்கு ஆயிரம் வேலை, யார் யார் வயலை யார் யார் வாரத்துக்குப் பார்க்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்க முடியுமா?

ஆகஸ்ட் 14, வியாழன்

மதியம் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"உலகு, இந்த ஒரு வாரம் நடவு வேண்டாம்ட்டி. வேற என்னமாது காட்டு அவியளுக்கு. வாழையைக் காட்டு. மாட்டைக் காட்டு."

"மாட்டைப் பாக்கதுக்கா குழு வருது?"

"ஒரு வாரந்தான."

"ஏன்? காரணம் சொல்லுங்க."

நான் கேட்டேன். எழுதிவைக்கிறேன், நான் வாய்விட்டுக் கேட்டேன். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருப்பவர் போல. நான் என்ன சொல்ல? ரசம் ஊற்றவா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். 

வெயில் தாழ்ந்ததும் மடைக்குப் போனேன். பூதத்தான் வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தான். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கியதைப் பார்த்தும் எழவில்லை. தடுக்கவும் இல்லை. பலகை ஊறிப்போய் இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் அசைத்து அசைத்து எடுத்தேன். தண்ணீர் அப்படியே எங்கள் பக்கம் திரும்பியது. கீழே போகிற வாய்க்காலில் கொஞ்ச நேரம் ஓடி, பிறகு கல் தெரிந்தது.

மூன்று அறைகள். அதை மட்டும்தான் நினைத்தேன். பூட்டு விழுந்தால் மறுபடியும் விடிகாலையில் பால் கேனைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாகப் போய் நிற்க என்னால் ஆகாது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடி ஏற்றினோம். முப்பது பேருக்குச் சமையல். வீட்டுக்காரர் இரவு சாப்பிட வரவில்லை, மோர் மட்டும் போதும் என்று சொல்லி அனுப்பினார்.

ஆகஸ்ட் 16, சனி

எல்லாம் நல்லபடியாக நடந்தது. வரிசையாகச் சொல்லுகிறேன்.

மேடமும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். மேடம் சின்ன வயசு, கண்ணாடி, செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடந்தார்கள். அது எனக்குப் பிடித்தது. வயல் முழுக்கத் தண்ணீர் தளதள என்று நின்றது. விருந்தாளிகள் இறங்கி நட்டார்கள். மாடத்தியின் குலவை தார் ரோடு வரை கேட்டிருக்கும். சேற்றுக் குழியில் பிள்ளைகள் புரண்டார்கள். குழுவில் ஒருவர் படம் எடுத்தபடியே இருந்தார். மேடம் மட்டும் நாற்றங்காலையும் வயலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போன மாசம் நட்டது எங்கம்மா இருக்கு?" என்றார்கள்.

வாழைக்கு அந்தப் பக்கம் என்று கையைக் காட்டலாம் என்று நினைத்தேன். வாழைக்கு அந்தப் பக்கம் கார் நிற்கிறது. "பிடுங்கிட்டோம்மா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஒவ்வொரு வாரமும் பிடுங்குறீங்களா?"

"எடம் வேணும்லாம்மா."

மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். "இது நடிப்பும்மா. நல்ல நடிப்பு. ஆனா நான் போன்ல சொன்னது இது இல்ல" என்றார்கள். மூன்று அறையும் கண் முன்னால் பூட்டிக் கிடந்தன.

பிறகு மேடமே சொன்னார்கள். "இந்த நடவு உங்களுக்குத் தேவையே இல்லம்மா. உங்க குடும்பத்துல யாராவது வேற எங்கயாவது உண்மையா பயிர் செய்யுறாங்களா? சொந்த நிலமா இருக்கணும்னுகூட இல்ல. குத்தகையோ வாரமோ, உங்க வீட்டு ஆள் செய்யுற விவசாயம்னா அது சேரும். விருந்தாளிகளை அங்க கூட்டிட்டுப் போங்க. களை எடுக்கட்டும், இல்ல சும்மா வரப்புல நின்னு பாக்கட்டும். அதுதான் வேளாண் சுற்றுலா. அப்படி ஒரு அறுவடையைக் காட்டுனீங்கன்னா நான் கையெழுத்துப் போட்டுடுவேன்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. மேடம் அதற்கப்புறம் பேசியது எதுவும் விழவில்லை. வாய்க்கால் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது, எங்கள் பக்கம் பாய்கிற தண்ணீர்.

அவர்கள் கார் கிளம்பியதும் மடைக்கு ஓடினேன். இந்த வயசில் நான் இப்படி ஓடி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பலகையை இறக்கி, மேலே ஏறி நின்று மிதித்தேன். தண்ணீர் கீழே திரும்பியது. ஆனால் கொஞ்சம்தான். மேலே ஆற்றிலேயே இல்லை என்றான் பூதத்தான். காய்ந்த வாய்க்கால் அதையும் உறிஞ்சிக்கொண்டே போனது. எதுவரைக்கும் போயிருக்கும் என்று அவனிடம் கேட்டேன். அவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே நடந்தான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பிடுங்கினோம். முழு வயலும். மாடு திரும்பிப் படுத்துக்கொண்டது.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்றைக்குச் சாரல் விழுகிறது. நாள் முழுக்க. இன்றைக்கு.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கடைமடைக்குப் போய்விட்டு வந்தேன். ஆவுடையப்பன் அண்ணாச்சி வீட்டில் தயிர் கொடுக்கிற சாக்கு.

செல்லையா வாத்தியார் வயலை அவ்வளவு அழகாக யாரோ வைத்திருக்கிறார்கள். வரப்பு செதுக்கியிருக்கிறது. ஒரு களை இல்லை. வரிசை பிடித்து நட்ட நடவு. ஆனால் கதிர் எல்லாம் நேராக நிற்கிறது. இந்நேரம் தலை சாய்ந்திருக்க வேண்டும். மணி பிடித்த கதிர் பாரத்தில் வளையும், பதர் நிமிர்ந்து நிற்கும். பயிர் பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். ஒரு கதிரை உருவி நகத்தால் நசுக்கினேன். ஒன்றும் இல்லை. இன்னொன்று. அதிலும் இல்லை. வரப்போரத்தில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேறியிருக்கிறது.

வரப்பில் உட்கார்ந்து அழுதேன். யாரோ ஒருவருடைய வயலுக்கு ஏன் இப்படி அழுகிறேன் என்று பார்க்கிறவர்கள் கேட்டிருப்பார்கள். நல்ல வேளை, யாரும் இல்லை.

செப்டம்பர் 4, வியாழன்

மேடம் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்கள். இந்த மாதம் அறுவடை ஏதாவது காட்ட முடியுமா என்று. இல்லையென்றால் இந்த வருஷத்துக்கு முடிந்துபோகும்.

இட்லிக்கு மாவு வழித்துக்கொண்டே அவரிடம் சொன்னேன், "செல்லையா வாத்தியார் வயலு அறுப்புக்கு நிக்காம்லா. யாரு வாரத்துக்குப் பாக்காவளோ, கேட்டுப் பாக்கட்டுமா? விருந்தாளிகளைக் கூட்டிட்டுப் போக."

"கேக்க வேண்டாம்" என்றார். "நாந்தான் பாக்கேன்."

அப்படியா என்று கேட்டேன். ஆச்சரியப்பட்ட மாதிரி கேட்க எனக்கு வரவில்லை. முகத்தை உரல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"சனிக்கெழம சனிக்கெழம அங்கனதான் போவேன்" என்றார். "ஒரு ஆளுக்கு ஒரு வயலாது வேணும்லா. அதான்." பிறகு, "வரச்சொல்லு ஒங்க மேடத்த. அறுக்கத்தான் போறேன்" என்றார்.

கத்தியிருக்கலாம். மாவுச் சட்டியைத் தூக்கி எறிந்திருக்கலாம். நான் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அறுவடை.

சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்தவர்களை வேனில் ஏற்றிக் கடைமடைக்குக் கொண்டுபோனோம். மேடம் நேராக அங்கேயே வந்துவிட்டார்கள். வீட்டுக்காரர் எங்களுக்கு முன்பே போய், ஒரு ஓரத்தை அறுத்துக் காட்டுவதற்காக ஒதுக்கி வைத்திருந்தார். விருந்தாளிகளுக்கு ஒரே குஷி. எவ்வளவு நேராக நிற்கிறது பாருங்கள், படத்துக்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று ஒரு பெண் சொன்னாள். அவர் அவள் கையைப் பிடிக்காமல், தன் கையில் தாளைப் பிடித்து, அரிவாளை எப்படி இழுப்பது என்று பொறுமையாகக் காட்டினார். எல்லோருக்கும் காட்டினார். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். இத்தனை நாள் நான் தலைகீழாக நின்று கேட்டும் செய்யாததை எல்லாம் இன்று தானாகவே செய்தார்.

பிறகு அறுத்த தாளைக் கட்டாகக் கட்டிக் களத்தில் அடித்தார்கள். கல்லில் கதிர் படும்போது மணி தெறிக்கிற சத்தம் ஒன்று இருக்கிறது. அது கேட்கவே இல்லை. வெறும் தாள் அடிபடுகிற சத்தம். மேல்காற்றில் பதர் பறந்து எல்லோர் தலையிலும் விழுந்தது. பிள்ளைகள் அதைப் பிடிக்கக் குதித்தார்கள்.

"ஏன் அங்கிள் நெல்லே விழ மாட்டேங்குது?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இது திங்கதுக்கு உள்ள நெல்லு இல்ல தாயி" என்றார். "பாக்கதுக்கு உள்ள நெல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் வேன் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மேடம் சிரிக்கவில்லை. கீழே கிடந்த ஒரு கதிரை எடுத்து நகத்தால் நசுக்கினார்கள். "தண்ணி இல்லாம போச்சா அய்யா?" என்றார்கள்.

"ஆமாம்மா. கதிரு வாங்குத நேரத்துல ஒரு மொற தப்பிப்போச்சு."

"ரொம்ப நஷ்டமா?"

"வயலுன்னா அதுவும் உண்டும்மா."

மேடம் அந்தக் கதிரைக் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். பிறகு என்னிடம் வந்து, "விளைஞ்சாத்தான் விவசாயம்னு இல்லம்மா. பொய்ச்சுப் போறதும் இதுல சேர்ந்ததுதான். நிஜமா பயிர் வச்சவருக்குத்தான் நிஜமா பொய்க்கும்" என்றார்கள். "உங்க வீட்டுக்காரர் விவசாயி. நான் இன்னைக்கே எழுதி அனுப்பிடுறேன். அங்கீகாரம் வந்துடும்."

கை கொடுத்தார்கள். கொடுத்தேன்.

விருந்தாளிகள் போய்விட்டார்கள். அறைகளைப் பெருக்கி, விரிப்பு மாற்றி, அடுப்பு மெழுகி முடித்தேன். சாயங்காலம் அவருக்குச் சோறு போட்டேன். சுண்டைக்காய் வற்றல் குழம்பும் அவியலும். எதிரே உட்கார்ந்தேன். பலகையைத் தூக்கியது நான்தான் என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். பூதத்தான் சொன்னான்" என்றார். குழம்பை ஊற்றிப் பிசைந்தார். பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், "அது என் வயலுன்னு ஒனக்குத் தெரியாதுல்லா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். ஆடி மாதமே தெரியும். கையில் நெல் தாள் அறுத்த கீறல் எப்படி இருக்கும் என்று தெரியாமலா இத்தனை வருஷம் இந்த மனிதனோடு குடித்தனம் செய்தேன். பூதத்தான் பெயர் சொல்லாமல் நின்றபோது தெரியும். மதியம் சோற்றைப் பிசைந்துகொண்டு என் முகத்தைப் பார்த்தாரே, அப்போது நன்றாகத் தெரியும். பலகையை அசைத்து அசைத்து எடுக்கும்போது ஒவ்வொரு அசைவிலும் தெரியும்.

அவர் வாயில் கவளத்தை வைக்காமல் காத்திருந்தார். கை அந்தரத்தில் நின்றது.

"தெரியாதுங்க" என்றேன்.

"அதான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். போட்டேன்.